இந்தித் திரையில் புதுமுக நாயகரும் பாட்டெழுதிய கவிஞரும்

ஒரு நடிகர் நன்றாக நடிக்கிறார் என்பது வேறு. அவருக்கு 'வியாபாரம் இருக்கிறது' என்பது வேறு. முன்னது விமரிசகர் சொல்வது. பின்னது விநியோகஸ்தர் சொல்வது. படம் எடுத்து முடிவதற்கு முன்பே, சில வேளைகளில் முகூர்த்தத்தன்றே, ஒருவரின் பெயரை மட்டும் நம்பி முன்பணம் கைமாறுமானால், அவருக்கு வியாபாரம் உண்டு என்று பொருள். நேற்றுவரை யாரும் அறியாத ஓர் இளைஞனின் பெயருக்கு இந்தத் தகுதி எவ்வாறு வந்து சேர்கிறது? இந்தித் திரையுலகின் ஏறத்தாழத் தொண்ணூறாண்டு வரலாற்றை இக்கேள்வியோடு அணுகுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். கவிஞர்கள் நிறைந்த இவ்வட்டத்தின் மலரில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. அது போகப்போக விளங்கும்.

தொடக்கத்தில் இக்கேள்விக்கே இடமில்லை. 1930களில் நடிகர்கள் படப்பிடிப்பு நிலையங்களின் மாதச் சம்பளக்காரர்கள். ஹிமான்ஷு ராயும் தேவிகா ராணியும் 1934இல் தொடங்கிய பம்பாய் டாக்கீஸில் ஆய்வுக்கூட உதவியாளராக இருந்தவர் அசோக்குமார். நாயகனாக நடிக்கவிருந்தவர் நாயகியோடு ஊரைவிட்டே சென்றுவிட, நாயகி மட்டும் திரும்பி வந்தார். அக்கணவர் வேறொரு நடிகரைத் தேடிப் போகவில்லை. தம் நிறுவனத்துப் பணியாளரையே 'ஜீவன் நையா' (1936) படத்தில் நிறுத்தினார். அவ்வாண்டே வந்த 'அச்சுத் கன்யா'வைப் பார்க்கச் சென்றவர்கள் தேவிகா ராணியைப் பார்க்கவே சென்றார்கள். அருகில் கூச்சத்தோடு நின்ற இளைஞனை அவர்கள் ஏற்றுக்கொண்டது பிறகுதான். 1943இல் வெளிவந்த 'கிஸ்மத்' கல்கத்தாவில் ஒரே திரையரங்கில் மூன்றாண்டுகளுக்கு மேல் ஓடியபோது நிலைமை தலைகீழாகிவிட்டது. நிறுவனத்தின் பெயரைவிட நாயகனின் பெயர் பெரிதாயிற்று.

அந்த ஆண்டுகளில்தான் நிறுவன முறையும் சரிந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கள்ளச்சந்தையில் திரண்ட கணக்கில் வராத பணம் தங்குமிடம் தேடித் திரைப்படத்துக்குள் நுழைந்தது. நிலையமும் இல்லாமல் அனுபவமும் இல்லாமல் படமெடுக்க வந்த புதிய தயாரிப்பாளர்கள், சம்பளக்கார நடிகர்களைத் தனித்தனியே பெருந்தொகை கொடுத்து இழுத்தார்கள். 1951இல் அறிக்கை அளித்த எஸ்.கே. பாட்டீல் குழு இப்போக்கைக் கடுமையாகச் சாடியுள்ளது. சாடிப் பயன் விளையவில்லை. ஏனெனில், வங்கிகள் திரைப்படத்துக்குக் கடன் தருவதில்லை. மைய அரசு இதை ஒரு தொழிலாக ஏற்றது 1998இல்தான். முறையான வங்கிக் கடன் வரத் தொடங்கியது 2000க்குப் பின்னரே. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் பணம் தந்தவர்கள் வட்டிக்காரர்களும், பம்பாய், தில்லி-உத்தரப் பிரதேசம், கிழக்குப் பஞ்சாப், வங்கம், நிஜாம் என்று ஏரியா பிரித்து வாங்கிய விநியோகஸ்தர்களுமே. அவர்களிடம் அடகு வைக்கத் தயாரிப்பாளரிடம் நிலமில்லை, கட்டடமில்லை. நாயகனின் கால்ஷீட்டே அடமானம். வியாபாரம் உள்ள நாயகன் என்பவன் இப்பொருளில் ஒரு கலைஞன் மட்டுமல்லன். ஒரு கடன் பத்திரம்.

எனின், அடமானம் வைக்கத் தகுதியே இல்லாத புதுமுகத்தை எவர் ஏன் எடுத்தார்கள்? பெரும்பாலும் கையில் பணமில்லாதவர்களே எடுத்தார்கள். 'மேரா நாம் ஜோக்கர்' (1970) கொண்டுவந்த நட்டத்துக்குப் பின் ராஜ் கபூர் விலையுயர்ந்த நாயகனைத் தேடாமல் தம் மகன் ரிஷி கபூரையும், பள்ளி வயது தாண்டாத டிம்பிள் கபாடியாவையும் கொண்டு 'பாபி'யை (1973) எடுத்தார். முகத்துக்குச் செலவிடாதவர் வேறெதற்குச் செலவிட்டார் என்பதே நாம் கவனிக்க வேண்டியது. பாட்டுக்குச் செலவிட்டார். அறியாத முகத்துக்கு அறிந்த குரலும் இசையும் சொல்லும் பிணை நின்றன.

இந்தப் பிணையின் வரலாறு சுவையானது. திலீப்குமாரின் முதற்படமான 'ஜ்வார் பாட்டா' (1944) தோற்றது. யூசுப் கான் என்ற இயற்பெயரை மாற்றி அவரை நடிகராக்கியவரும் தேவிகா ராணியே. முதல் வெற்றி 'ஜுக்னு' (1947). மெஹ்பூபின் 'அந்தாஸ்' (1949) படத்தில் திலீப்குமாரும் ராஜ் கபூரும் நர்கிஸோடு சேர்ந்து நடித்தனர். அப்படத்தில் திலீப்குமாருக்குப் பாடியவர் முகேஷ். ராஜ் கபூருக்குப் பாடியவர் முகம்மது ரஃபி. பிற்காலத்தில் முகேஷின் குரலே ராஜ் கபூரின் குரலென்று நாடு முழுவதும் நம்பியதை எண்ணும்போது இது வியப்பாகவே இருக்கிறது. எந்த உடலுக்கு எந்தக் குரல் என்பது 1949இல் இன்னும் முடிவாகவில்லை. முடிவான பிறகே அவ்விருவரும் உருவம் கொண்டார்கள் என்று நான் கருதுகிறேன். 'ஆராதனா'வுக்குப் பின் கிஷோர்குமாரின் குரல் ராஜேஷ் கன்னாவிடம் ஒட்டிக்கொண்டதும் இவ்வகையே. 1989இல் சல்மான் கானை நாயகனாக நிலைநிறுத்திய 'மைனே பியார் கியா'வில் அவருக்குப் பாடிய குரல் நமக்கு மிக நெருங்கிய எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தினுடையது என்பதை நினைவூட்டத் தேவையில்லை.

குரல் அறியப்பட்ட அளவு சொல்லுக்கு உரியவர் அறியப்படவில்லை. 'அந்தாஸ்' பாடல்களை எழுதியவர் உருதுக் கவிஞர் மஜ்ரூஹ் சுல்தான்புரி. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன் 'ஷாஜஹான்' படத்தில் சைகலுக்கு எழுதித் திரைக்கு வந்தவர். அடுத்தடுத்துத் தோல்விகளால் துவண்டிருந்த ஷம்மி கபூரைத் துள்ளும் நாயகனாக்கிய 'தும்சா நஹீன் தேகா' (1957) படத்தின் பெரும்பாலான பாடல்கள் இவருடையவை. அதை இயக்கிய நாசிர் ஹுசைன், 1988இல் தம் அண்ணன்தம்பி வழி மகனான ஆமிர் கானை 'கயாமத் சே கயாமத் தக்' படத்தில் நாயகனாக்கியபோது, பாடல்களுக்கு மீண்டும் மஜ்ரூஹிடமே சென்றார். கல்லூரி முடித்த இளைஞனின் ஆசைகளை எழுதிய கவிஞருக்கு அப்போது வயது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தது. சைகல் தொடங்கி ஆமிர் கான் வரை நாற்பதாண்டுக் காலம் நாயகர்கள் மாறினார்கள். அவர்கள் வாயில் வைக்கப்பட்ட மொழி ஒரே பேனாவிலிருந்து வந்தது. 1993ஆம் ஆண்டுக்கான தாதாசாகேப் பால்கே விருது அவருக்கு அளிக்கப்பட்டது. பாடலாசிரியர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை.

ஆனந்த் பக்ஷியின் கதை இதனினும் வலுவான சான்று. 'ஆராதனா' (1969) அவர் எழுதியது. 'பாபி'யில் பெரும்பகுதி அவர் எழுதியது. ராஜேந்திர குமார் தம் மகன் குமார் கௌரவுக்காக எடுத்த 'லவ் ஸ்டோரி' (1981), சுனில் தத் தம் மகன் சஞ்சய் தத்துக்காக எடுத்த 'ராக்கி' (1981), தர்மேந்திரா தம் மகன் சன்னி தியோலுக்காக எடுத்த 'பேதாப்' (1983), பின்புலம் ஏதுமில்லாத ஜாக்கி ஷெராஃபை நாயகனாக்கிய 'ஹீரோ' (1983) ஆகிய அனைத்துக்கும் பாடல் ஆனந்த் பக்ஷியே. தந்தையர் தம் மைந்தரை அரங்கேற்ற நாள் குறித்தபோதெல்லாம் அழைத்தது இவரைத்தான். சங்க காலத்துப் பாணர் புரவலனைப் பாடினர். புரவலன் பரிசில் தந்தான். பாடியவர் பெயரும் பாடலோடு நின்றது. கபிலரின்றிப் பாரி இல்லை என்பதைத் தமிழுலகம் அறியும். பம்பாயிலோ பாட்டின் பெருமை முழுவதும் உதடசைத்தவனுக்கே சேர்ந்தது.

பாட்டு ஒன்றே போதும் என்று இதனால் முடிவு கட்டிவிடக் கூடாது. 'ஆஷிக்கி' (1990) பாடல்கள் ஒலிக்காத தேநீர்க்கடை வட இந்தியாவில் இருந்திருக்காது. அதன் நாயகன் ராகுல் ராய் நிலைக்கவில்லை. குமார் கௌரவும் அவ்வாறே. வெள்ளிவிழாப் படங்களால் 'ஜுபிலி குமார்' என்றே அழைக்கப்பட்டவரின் மகனுக்கு முதல் வெற்றியே கடைசிப் பெருவெற்றிகளுள் ஒன்றாயிற்று. முதற்படத்தின் வசூல் ஆர்வத்தைக் காட்டும். மூன்றாம், நான்காம் படத்தின் வசூலே நம்பிக்கையைக் காட்டும். விநியோகஸ்தர் முன்பணம் தருவது பின்னதற்குத்தான். ஹிருத்திக் ரோஷனின் 'கஹோ நா பியார் ஹை' (2000) கண்ட வெற்றி பெரிது. தொடர்ந்து வந்த படங்கள் பல சோர்ந்தன. 2003இல் 'கோயி மில் கயா' வரும்வரை அவர் பெயருக்கு உறுதி கிட்டவில்லை.

ராஜேஷ் கன்னாவின் ஏற்றம் இவ்விதிக்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. 1965இல் தயாரிப்பாளர்கள் சிலர் கூடி 'ஃபிலிம்பேர்' இதழோடு நடத்திய போட்டியில் வென்று வந்தவர். 'ஆக்ரி கத்' (1966) முதலிய தொடக்கப் படங்கள் கவனம் பெற்றாலும் பணம் தரவில்லை. 'ஆராதனா'வும் 'தோ ராஸ்தே'யும் ஒரே ஆண்டில் ஓடின. அடுத்த இரண்டாண்டுகளில் அவர் தொட்டதெல்லாம் பொன். அப்பொன்னில் நம் சாண்டோ சின்னப்பா தேவருக்கும் பங்குண்டு. அவர் தயாரித்த 'ஹாத்தி மேரே சாத்தி' (1971) அக்காலத்தின் பெருவெற்றிகளுள் ஒன்று. எனினும், 'ஆராதனா' யாருடைய கதை? கைம்பெண்போல் வாழ்ந்து மகனை வளர்த்த ஒருத்தியின் கதை. ஷர்மிளா தாகூர் அதற்காகச் சிறந்த நடிகைக்கான ஃபிலிம்பேர் விருது பெற்றார். விளைச்சலை அறுத்தவர் நாயகன்.

இந்த இடத்தில் ஆய்வாளர் பலரும் விரைந்து கடந்துவிடும் ஒரு செய்தியைச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். புதுமுக நாயகன் ஏறி நின்ற முதற்படி பெரும்பாலும் ஒரு நாயகியின் புகழாகும். அசோக்குமாருக்குத் தேவிகா ராணி. 'ஜுக்னு'வில் திலீப்குமாருக்கு நூர்ஜஹான். 'வித்யா' (1948) படத்தில் தேவ் ஆனந்துக்குச் சுரையா. 'பூல் அவுர் பத்தர்' (1966) படத்தில் தர்மேந்திராவுக்கு மீனா குமாரி. 'ஜஞ்சீர்' (1973) படத்தில் அமிதாப் பச்சனுக்கு ஜெயா பாதுரி. 'தீவானா' (1992) படத்தின் பிற்பகுதியில் நுழைந்த ஷாருக் கானுக்குத் திவ்யா பாரதி. இவர்கள் அனைவரும் அந்நாளில் தம் நாயகரைவிட அறியப்பட்டவர்கள். புதியவனோடு நடிக்க அவர்கள் இசைந்ததே விநியோகஸ்தருக்குக் கிடைத்த முதல் உறுதிமொழி. இதற்கு ஈடாக அவர்கள் பெற்றது என்ன? 'பாபி' ஒரே நாளில் இருவரை அரங்கேற்றியது. ரிஷி கபூர் இருபதாண்டுக்கு மேல் நாயகனாகவே இருந்தார்; டிம்பிள் அவ்வாண்டே மணம் புரிந்து விலகி, 'சாகர்' (1985) வழியே மீண்டும் பேசப்படப் பன்னிரண்டாண்டுகள் ஆயின. 'மைனே பியார் கியா'வின் பாக்யஸ்ரீயும் மணத்துக்குப் பின் ஒதுங்கினார். சல்மான் கான் முப்பதாண்டு கடந்தும் நாயகன்.

மீண்டும் 'ஜஞ்சீர்'. இதுவரை சொன்னதை மறுப்பதுபோல் நிற்கும் படம் இது. அமிதாப் பச்சன் 'சாத் ஹிந்துஸ்தானி' (1969) முதல் தொடர்ந்து தோற்றுவந்தவர். 'ஆனந்த்' (1971) பெயர் தந்தது, வியாபாரம் தரவில்லை. 'ஜஞ்சீர்' நாயகனுக்குப் பாட்டே இல்லை. தர்மேந்திரா, தேவ் ஆனந்த், ராஜ்குமார் முதலியோரைக் கடந்தே அவ்வேடம் இவரிடம் வந்தது. பாட்டு நின்ற இடத்தில் உரையாடல் வந்து நின்றது. எழுதியவர்கள் சலீம்-ஜாவேத், இவரையே நாயகனாக்கும்படி வற்புறுத்தியவர்களும் அவர்களே. ஜாவேத் அக்தரின் தந்தை ஜான் நிஸார் அக்தர் உருதுக் கவிஞர். அமிதாப்பின் தந்தை ஹரிவன்ஷ் ராய் பச்சன் இந்திக் கவிஞர். பாட்டில்லாத நாயகனைப் படைத்தவனும் படைக்கப்பட்டவனும் கவிஞர் பெற்ற பிள்ளைகள் என்பதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. இதே கதை மறு ஆண்டே 'சிரித்து வாழ வேண்டும்' என்று தமிழில் வந்தது. இங்கே அது ஏற்கெனவே உச்சியில் இருந்த எம்.ஜி.ஆருக்கு மற்றுமொரு படம். அங்கே அது ஓர் இருபதாண்டுக் காலத்தின் தொடக்கம். 'தீவார்', 'ஷோலே' இரண்டும் 1975இல் வெளிவர, அமிதாப்பின் பெயர் அடமானத்துக்கு மிக உயர்ந்த பொருளாயிற்று.

'ஜஞ்சீர்' சுவரொட்டிகளில் எழுத்தாளர் பெயர் இல்லை. சலீமும் ஜாவேதும் ஓர் ஆளைக் கூலிக்கு அமர்த்திப் பம்பாய்த் தெருக்களில் ஒட்டியிருந்த சுவரொட்டிகள்மீது தம் பெயரை வண்ணத்தில் எழுதச் செய்தனர். பின்னர் வந்த படங்களில் தயாரிப்பாளர்களே அச்சிட்டார்கள். நாயகனுக்கு நிகரான விலை பேசும் நிலைக்கும் அவர்கள் உயர்ந்தார்கள். பாடலாசிரியர் எவருக்கும் அந்நிலை எளிதில் வாய்க்கவில்லை. 'மைனே பியார் கியா'வின் பாடலுக்கு ஃபிலிம்பேர் விருது பெற்ற அசத் போபாலி நாற்பதாண்டுக் காலம் சிறு படங்களுக்கே எழுதிவந்தவர். அவர் 1990இல் மறைந்தார். அவர் சொற்களால் அறிமுகமானவரின் விலை அதன் பின்னரே ஏறத் தொடங்கியது.

ஒலிநாடாவும் அதன்பின் வந்த கருவிகளும் பாட்டைத் தனிப்பொருளாக விற்றபோதும், உரிமை ஒருமுறைத் தொகைக்கு எழுதி வாங்கப்பட்டது. மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஜாவேத் அக்தர் முன்னின்று பேச, 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம், பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் உரிமத்தொகைப் பங்கைத் தயாரிப்பாளருக்கு விட்டுக்கொடுக்க இயலாதவாறு செய்தது.

நாயகனை நம்பிப் பணம் இடும் முறை இன்று மாறிவிட்டது. 1997இல் தில்லியில் தோன்றிய பல்திரை அரங்குகள் சிறு படங்களுக்கும் இடம் தந்தன. பெருநிறுவனங்கள் இளைஞர்களை மூன்று படம், ஐந்து படம் என்று ஒப்பந்தத்தில் கட்டி, ஒருவகையில் பழைய பம்பாய் டாக்கீஸ் முறைக்கே திரும்பியுள்ளன. 2025 ஜூலையில் வெளிவந்த 'சையாரா'வின் நாயகன் அஹான் பாண்டே அதுவரை யாரும் அறியாதவர். படத்துக்கு முன்னரே பாட்டு வந்தது, அரங்குகள் நிறைந்தன. அதன் தலைப்புப் பாடலை எழுதிய இர்ஷாத் காமில், தற்கால இந்திக் கவிதையை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர்.