எல்ல மலைத்தடங்கள்

பதுளை ஒரு பள்ளத்தாக்கு நகரம். 2036 மீற்றர் உயரமுள்ள நமுனுகுல மலை அதற்குக் காவல் போல் நிற்கிறது. காலையிற் புறப்பட்டு அந்திக்குள் வீடு திரும்பத்தக்க மலைநடைகள் இந்நகரைச் சுற்றி ஏராளம். அவற்றுட் புகழ் வாய்ந்தவை பல, எல்ல என்னும் சிற்றூரை ஒட்டியவை. சின்னச் சிவனொளிபாத மலை, எல்லப் பாறை, தெமோதரைக்கு அண்மையிலுள்ள ஒன்பது வளைவுப் பாலம், அப்புத்தளைக்கு அப்பால் லிப்டன் இருக்கை ஆகியவற்றைத் தேடி உலகின் பல திசைகளிலிருந்தும் மக்கள் வருகின்றனர். நல்ல நடை எது என்று வினவுவோர்க்கு விடை கூறுதல் எளிது. அந்நடைக்கு வழி சமைத்தவர் யாவர் என்று வினவுவோரோ அரியர். மலைப்பாதை தானே உண்டாவதில்லை. அதனை வெட்டியவரும் மிதித்தவரும் உளர். அவர்தம் வரலாற்றை அறிந்து நடத்தலே பயனுள்ள நடை என நாம் கருதுகிறோம்.

இம்மலைகளின் பழைய வழிகள் சிங்கள உழவருடையவை. ஹாலி-எலைக்கு அருகே போகொடையில் கூரை வேய்ந்த தொன்மையான மரப்பாலமொன்று இன்றும் உண்டு. பதுளைக்கும் கண்டிக்கும் இடைப்பட்ட பழைய வழி அதன்மீதே சென்றது. 1817ஆம் ஆண்டில் ஊவாவிலும் வெல்லஸ்ஸவிலும் அந்நியர் ஆட்சிக்கு எதிராக மக்கள் கிளர்ந்தெழுந்தனர். மறு ஆண்டில் ஆங்கிலேயப் படை அக்கிளர்ச்சியை நசுக்கியபோது வீடுகள் எரிந்தன. வயல்களும் கால்நடைகளும் அழிந்தன. தலைவன் கெப்பெட்டிப்பொல கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டான். எல்ல இடைவெளியில் நின்று தாழ்நிலத்தின் அழகைப் பருகுவோர், அந்த அழிவைக் கண்ட நாட்டின் வாயிலிலேயே நிற்கின்றனர்.

வாளைத் தொடர்ந்து சட்டம் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், உரிமைச் சான்று காட்டப்படாத காடும் தரிசும் முடிக்குரியவை என்றது. ஏக்கர் ஐந்து ஷில்லிங்குக்கு நிலம் விலைபோன காலம் அது. காடு வெட்டப்பட்டுக் கோப்பித் தோட்டங்கள் எழுந்தன. பதுளையில் அதிகாரியாயிருந்து வீதிகள் அமைப்பித்த மேஜர் ரோஜர்ஸ், ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பேசப்படுபவர். 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அவர் நினைவாகப் பதுளையில் தேவாலயமே உண்டு. அவ்வீதிகளுக்கு மண் சுமந்தவர்க்கோ ஒரு நடுகல்லும் இல்லை.

தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, இராமநாதபுரச் சீமைகளின் பஞ்சம் அதற்குத் துணை செய்தது. கங்காணியின் பின்னே வந்தோர் மன்னார்க் கரையில் இறங்கி, மாத்தளை வரை காட்டு வழியே நடந்தனர். பசியாலும் பேதியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். மலைநாட்டின் முதல் நெடுநடை அதுவே. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியை அழித்தது. அதன் இடத்தில் தேயிலை வந்தது. உழைத்த கைகள் மாறவில்லை.

இன்று நாம் நடக்கும் தடங்கள் பெரும்பாலும் இக்கைகளின் ஆக்கமே. சின்னச் சிவனொளிபாத மலை 1141 மீற்றர் உயரமானது. எல்லவிலிருந்து பசறை வீதியிற் சிறிது தூரம் சென்று, தேயிலைச் செடிகளினூடே ஏறினால் ஒரு மணி நேரத்தில் உச்சியை அடையலாம். தேயிலை மலைகளில் பாதை வளைந்து வளைந்து மெல்ல ஏறுவது பார்வைக்கு இனிது. உல்லாசத்திற்காக அவ்வாறு வெட்டப்பட்டதன்று அது. கொழுந்துக் கூடை சுமந்தவள் நிறுவைக்கு உரிய வேளையில் வந்து சேரவேண்டும். மழைநீர் மண்ணை அரிக்காமற் கானில் இறங்கியோட வேண்டும். இந்தத் தேவைகளே பாதையின் வளைவைத் தீர்மானித்தன.

புகையிரதப் பாதையின் கதையும் இத்தகையதே. 1894இல் பண்டாரவளையை அடைந்த தண்டவாளம் பதுளையைத் தொட 1924 ஆயிற்று. ஏறக்குறைய 30 கிலோமீற்றருக்கு 30 ஆண்டுகள்! அத்தூரத்துள் 500 மீற்றருக்கும் மேலாக இறங்கவேண்டியிருந்தமையால், தெமோதரையிற் பாதை ஒரு வட்டமிட்டு, நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் புகுந்து செல்கிறது. 1921இல் முடிந்த ஒன்பது வளைவுப் பாலம் இரும்புச் சட்டமின்றிக் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் ஆனது. 24 மீற்றர் உயரம், 91 மீற்றர் நீளம். எல்லப் பாறைக்குச் செல்வோர் கித்தல் எல்லப் பக்கமாக இத்தண்டவாளத்தையே வழியாகக் கொள்வர். வளைவுகளில் வண்டி வருவது தெரியாது. உயிருக்கு ஆபத்தான பழக்கம் அது.

அப்புத்தளையில் நிலைமை இன்னும் தெளிவு. 1890இல் தோட்டங்களை வாங்கிய தோமஸ் லிப்டன் அமர்ந்து பார்த்ததாகச் சொல்லப்படும் உச்சிக்கு, தம்பேதன்ன தொழிற்சாலையிலிருந்து சுமார் ஏழு கிலோமீற்றர் நடை. வழியில் லயன்களும் கோவிலும் கொழுந்து மலைகளும் உள்ளன. ஒருவர் அமர்ந்த இடத்திற்குப் பெயர் கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக ஏறியிறங்கியோர்க்கு அது கிடைக்கவில்லை.

இப்பாதைகளில் எவரும் நடந்துவிட முடியாத காலமொன்று இருந்தது. தோட்ட வீதி துரையின் உடைமை. சங்கம் அமைக்க வந்தவர்மீது அத்துமீறி நுழைந்த குற்றம் சாட்டப்பட்டது. அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தது தொழிலாளரின் ஒற்றுமையே. 1940 மே மாதம் பதுளைப் பகுதியின் வெவெஸ்ஸ தோட்டத்தில் வேலைநிறுத்தம் செய்தோர் தமக்கெனக் குழுவொன்றைத் தேர்ந்தெடுத்தனர். துரை அக்குழுவைக் கலந்தே நடக்க இணங்கவேண்டியதாயிற்று.

ஆயினும் சுதந்திர இலங்கை அவர்களுக்கு வேறொரு பாதையைக் காட்டியது. 1948இன் 18ஆம் இலக்கச் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது. 1964 ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. மலையிலிருந்து தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிச் சென்ற வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றனர். உல்லாசப் பிரயாணி வாயிலில் நின்று படம் பிடிக்கும் இதே மலைப்பாதையில் அவ்வழுகுரல் சென்றது. 2003ஆம் ஆண்டின் சட்டம் எஞ்சியோர்க்குக் குடியுரிமை அளித்தது, காணியை அளிக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடிற்று. ஆபத்தான இடமென்று முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தும், மாறிச் சென்று குடியேற அவர்களுக்குச் சொந்த நிலம் இருக்கவில்லை. தியலும நீர்வீழ்ச்சியைக் காணச் செல்வோர் அப்பகுதி வழியாகவே செல்கின்றனர்.

அண்மைக்காலத்தில், கண்டிக்கருகே தொடங்கி நுவரெலியாவில் முடியும் பெக்கோ நடைவழி, பழைய தோட்டப் பாதைகளை இணைத்து 22 கட்டங்களாக, 300 கிலோமீற்றருக்கு மேல் வகுக்கப்பட்டுள்ளது. அப்புத்தளையும் எல்லவும் அதில் அடங்கும். இதனை நாம் வரவேற்கிறோம். நாடு காண நடப்பது நற்பழக்கம்; நடப்போரின் பணம் ஊர் மக்களுக்குப் பயன்பட்டால் இன்னும் நன்று. ஆனால் 2023இல் வேறொரு நடையும் நிகழ்ந்தது. மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டு நிறைவில், முன்னோர் நடந்த வழியே தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தனர். காணியும் வீடும் கண்ணியமான ஊதியமும் அவர்கள் கேட்டவற்றுள் முதன்மையானவை.

ஆகவே எல்லவுக்கு வரும் அன்பர்கள் வருக, மலை ஏறுக, காற்றை அனுபவிக்குக. கீழிறங்கும்போது வழியிலுள்ள லயன் வாசலில் ஒரு கணம் நின்று, அங்குள்ள முதியோரிடம் இப்பாதை எவர் வெட்டியது என்று கேளுங்கள். பாதை வெட்டியவரின் பேரப்பிள்ளைக்கு அதன் ஓரத்தில் பத்துப் பேர்ச் நிலமேனும் சொந்தமா என்பதையும் கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்விக்கு ஆம் என்னும் விடை வரும்வரை, கேட்கும் கடமை நம் எல்லோர்க்கும் உண்டு.