வரிச்சலுகையும் மின்தடமும்: தமிழ்நாட்டுக் காற்றாலைகளின் வரலாறு

காற்றாலை மின்சாரம் போதிய அளவு பரவாமைக்குக் காற்றின் நிலையாமையே காரணம் என்பது வழக்கமாகக் கூறப்படும் விடை. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இது பாதி உண்மையே. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காட்டுக் கணவாய்களின் வழியே ஆண்டுதோறும் வருகிறது. மே இறுதி தொடங்கிச் செப்டம்பர் வரை வலுவாக வீசுகிறது. நிலையாமை என்பதைவிடப் பருவச்சார்பு என்பதே இதற்குப் பொருந்தும். பருவம் அறிந்து வரும் வளத்தை முழுமையாக ஏற்கும் அமைப்பு ஏன் உருவாகவில்லை என்பதே இக்கட்டுரையின் வினா.

1986இல் தூத்துக்குடியை அடுத்த முள்ளக்காட்டில் அரசின் செயல்விளக்கக் காற்றாலைகள் நிறுவப்பட்டன. பின்னர் கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளிலும் மின்வாரியம் காற்றாலைகளை அமைத்தது. ஆயினும் வாரியம் தனக்கென நிறுவியவற்றின் மொத்தத் திறன் 20 மெகாவாட்டை எட்டவில்லை. காற்று உண்டு என மெய்ப்பித்ததோடு அரசு ஒதுங்கிக்கொண்டது. எஞ்சியதைத் தனியார் செய்தனர்.

அத்தனியாருள் நூற்பாலை, சிமென்ட் ஆலை உரிமையாளர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். தம் ஆலைக்கு மின்சாரம் பெறுவது அவர்களுக்கு ஒரு நோக்கம். மற்றொன்று, என் கருத்தில் வலிமை மிக்கது, வரி. 1990களில் காற்றாலையின் முழு விலையையும் முதலாண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ள வருமான வரி விதிகள் இடமளித்தன. இலாபம் மிகுந்த நிறுவனத்துக்கு, நிதியாண்டுக்குள் காற்றாலை இயங்கத் தொடங்கியதா என்பதே முதற்கவலையாயிற்று. அது இருபது ஆண்டுகளில் எத்தனை யூனிட் தரும் என்பது அடுத்த கணக்கு.

இக்கூற்றுக்கு நிறுவுதிறன் புள்ளிவிவரமே சான்று. 1995–96இல் தமிழ்நாட்டில் சுமார் 280 மெகாவாட் புதிதாக நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டில் அது சுமார் 120 ஆகக் குறைந்தது. 1998–99இல் 20 மெகாவாட்கூட இல்லை. இடைப்பட்ட காலத்தில் கணவாய்க் காற்று மாறிவிடவில்லை. 1996–97இல் குறைந்தபட்ச மாற்று வரி நடைமுறைக்கு வந்தது. மறு ஆண்டு நிறுவன வரி விகிதமும் குறைந்தது. வரி குறையக் குறையத் தேய்மானச் சலுகையின் பயனும் குறைந்தது. 2012 ஏப்ரலில் விரைவுத் தேய்மானம் விலக்கப்பட்டபோது இதே வரலாறு நாடளவில் திரும்பியது: ஓராண்டில் சுமார் 3,200 மெகாவாட் நிறுவிய இந்தியா, மறு ஆண்டில் சுமார் 1,700 மெகாவாட்டே நிறுவியது. 2014இல் சலுகை மீண்டும் வழங்கப்பட்டது.

வரிக்கணக்குக்காக விரைந்து எழுந்த காற்றாலைகளுக்கு ஏற்ற வேகத்தில் மின்தடங்களும் துணைமின்நிலையங்களும் எழவில்லை. கயத்தாறு, முப்பந்தல் வட்டாரங்களின் மின்தடங்கள் கிராமத்துப் பம்புசெட்டுகளுக்கு மின்சாரம் கொண்டுசெல்ல அமைந்தவை. அங்கிருந்து பெருமளவு மின்சாரத்தை வெளியே எடுத்துச்செல்ல அமைந்தவை அல்ல. மேலும், அக்காலக் காற்றாலைகளில் இருந்த தூண்டல் மின்னியற்றிகள் தாம் இயங்குவதற்குரிய எதிர்வினைத் திறனை மின்தொகுப்பிலிருந்தே இழுத்தன. இதனால் தடத்தின் மின்னழுத்தம் தாழ்ந்தது. காற்று மிக வலுத்த நாள்களிலேயே காற்றாலைகளை நிறுத்திவைக்க நேர்ந்தது.

இம்முரண் 2012இல் உச்சம் தொட்டது. மாநிலம் பல மணிநேர மின்வெட்டில் தவித்த காலத்திலேயே, பருவக்காற்றின் மின்சாரத்தில் ஒரு பகுதி ஏற்கப்படாமல் போயிற்று. வாரியத்தின் நிதிநெருக்கடியால் உற்பத்தியாளர்க்குரிய தொகையும் நிலுவையில் நின்றது. தென்னக மின்தொகுப்பு தேசியத் தொகுப்புடன் ஒத்தியங்கத் தொடங்கியது 2013 டிசம்பர் 31இல்தான். அதற்கு முன்னர் இங்கு மிகுந்ததை வடக்கே அனுப்பும் வழிகள் குறுகியவையாகவே இருந்தன.

இவ்வரலாற்றின் எச்சத்தை முப்பந்தலில் இன்றும் காணலாம். மிகச் சிறந்த காற்றுள்ள நிலங்களை 1990களின் 225, 250 கிலோவாட் காற்றாலைகள் பிடித்துள்ளன. அவ்விடத்தில் உயர்ந்த கோபுரமும் நீண்ட இறகுகளும் கொண்ட புதிய காற்றாலைகள் பன்மடங்கு மின்சாரம் தரும். ஆனால் நிலம் சிறு துண்டுகளாகப் பலரிடம் பிரிந்து கிடக்கிறது. ஒரு பெரிய காற்றாலைக்கு வேண்டிய இடைவெளிக்குள் உரிமையாளர் பலர் இருக்கின்றனர். பழைய காற்றாலைகளின் விலையோ வரிக்கணக்கில் என்றோ கழிக்கப்பட்டுவிட்டது. பராமரிப்புச் செலவு போக, அவை தரும் ஒவ்வொரு யூனிட்டும் உரிமையாளருக்கு வரவே. அவற்றை அகற்ற அவருக்கு அவசரம் இல்லை.