நெஞ்செரிச்சலை அளந்த கதை

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே படுத்தால் சிலருக்கு நெஞ்சுக்குள் தீ வைத்தது போல எரியும். புளித்த ஏப்பம் தொண்டை வரை வரும். பெயரில்தான் நெஞ்சு இருக்கிறதே தவிர, இதற்கும் இதயத்துக்கும் சம்பந்தம் இல்லை. இரைப்பையில் இருக்க வேண்டிய அமிலம் மேலேறி உணவுக்குழாய்க்குள் வருவதுதான் காரணம். கேட்க எளிதாக இருக்கிறது அல்லவா? ஆனால் இதை முறையாக அளந்து காட்ட மருத்துவ உலகுக்கு சுமார் 150 வருடங்கள் பிடித்தன.

இரைப்பையில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கிறது என்று 1824ல் லண்டன் மருத்துவர் வில்லியம் புரௌட் எழுதினார். இரைப்பையின் உட்சுவர் அந்த அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாயின் சுவர் அந்த அளவுக்குத் தாங்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு சுருக்குத் தசை காவல் இருக்கிறது. காவல் தளர்ந்தால் தொல்லைதான்.

1935ல் நியூயார்க் மருத்துவர் ஆஷர் விங்கெல்ஸ்டைன் 5 நோயாளிகளை வைத்து, உணவுக்குழாய்ப் புண்ணுக்கு இரைப்பைச் சாறே காரணமாக இருக்கலாம் என்றார். 1951ல் இங்கிலாந்தின் அறுவை மருத்துவர் பிலிப் அலிசன், இரைப்பையின் மேற்பகுதி உதரவிதானத்தைத் தாண்டி மேலே நழுவும் ஹெர்னியாவோடு இதைத் தொடர்புபடுத்தினார். எக்ஸ்ரேயில் ஹெர்னியா தெரிந்தால் அதைச் சரிசெய்வதே வைத்தியம் என்ற எண்ணம் பரவியது. சிக்கல் என்னவென்றால், ஹெர்னியா இருந்தும் எரிச்சலே இல்லாதவர்கள் உண்டு. ஹெர்னியா இல்லாமலே அவதிப்படுபவர்களும் உண்டு. அப்படியென்றால் யாரை அறுப்பது, யாரை விடுவது?

இதற்கு அளவுகோல் வேறு துறையிலிருந்து வந்தது. அமிலத்தன்மையைச் சொல்லும் பி.எச். அளவை 1909ல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் சோரன்சென் உருவாக்கினார். அது ஒரு பீர் கம்பெனியின் ஆய்வகம்! 1934ல் அமெரிக்காவின் ஆர்னால்ட் பெக்மேன் எலுமிச்சைச் சாற்றைச் சோதிக்க ஒரு பி.எச். மீட்டர் செய்தார். பீருக்கும் எலுமிச்சைக்கும் உதவிய விஷயம் கடைசியில் மனிதனின் உணவுக்குழாய்க்குள் இறங்கியது. 1958ல் டட்டில், கிராஸ்மன் என்ற இருவர் பி.எச். மின்வாயைக் கொண்டு அமிலம் மேலேறுவதைக் கண்டறிந்தார்கள். ஆனால் அது சிறிது நேரச் சோதனைதான். சோதனை நேரத்தில் அமிலம் வராவிட்டால் நோயே இல்லை என்று சொல்லிவிட முடியுமா?

1974ல் லாரன்ஸ் ஜான்சன், டாம் டிமீஸ்டர் இருவரும் இதற்கு விடை தந்தார்கள். மூக்கு வழியே மெல்லிய குழாயைச் செலுத்தி, சுருக்குத் தசைக்கு 5 செ.மீ. மேலே மின்வாயை நிறுத்தி, 24 மணி நேரம் தொடர்ந்து அளந்தார்கள். முதலில் நோயில்லாத 15 பேரை அளந்ததில் ஓர் ஆச்சரியம். நலமாக இருப்பவர்களுக்கும் அமிலம் மேலே வரத்தான் செய்கிறது! அப்படியானால் வருகிறதா என்பதல்ல கேள்வி. எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதே கேள்வி.

பி.எச். 4க்குக் கீழே போனால் அமிலம் வந்ததாகக் கணக்கு. மொத்த நேரம், நிமிர்ந்திருக்கும்போது, படுத்திருக்கும்போது, எத்தனை முறை, 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தவை, மிக நீண்ட ஒன்று என 6 கணக்குகளைச் சேர்த்து ஒரே மதிப்பெண் ஆக்கினார்கள். 14.72ஐத் தாண்டினால் இயல்புக்கு மாறானது.

இதன் பலன் சாதாரணமானது அல்ல. எண்டோஸ்கோப்பியில் புண் எதுவும் தெரியாமல், 'உங்களுக்கு ஒன்றுமில்லை' என்று அனுப்பப்படக்கூடிய நோயாளிக்குச் சாட்சி கிடைத்தது. மறுபக்கம், எரிச்சல் இருந்தும் அமிலம் இயல்பாக உள்ளவர் தேவையற்ற அறுவையிலிருந்து தப்பினார்.

குறை இல்லாமல் இல்லை. மூக்கில் குழாயோடு யார்தான் வழக்கம்போலச் சாப்பிடுவார்கள், வெளியே போவார்கள்? அதனால் அளவே குறைந்துவிடலாம். இதற்காக 2000களின் தொடக்கத்தில் 'பிராவோ' என்ற கம்பியில்லா மாத்திரைக் கருவி வந்தது. உணவுக்குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு 48 மணி நேரம், பிறகு 96 மணி நேரம் வரைகூட அளந்தது. சில நாட்களில் தானே உதிர்ந்துவிடும்.

2018ல் வெளியான லியோன் கருத்தொப்புமை கணக்கை எளிதாக்கியது. ஒரு நாளில் அமிலம் தங்கும் நேரம் 6 சதவீதத்துக்கு மேல் என்றால் நோய் உறுதி. 4 சதவீதத்துக்குக் கீழ் என்றால் இயல்பு. நடுவில் இருப்பவர்களுக்கு வேறு ஆதாரங்களும் வேண்டும்.

அந்த நடுப்பகுதியை ஒளிக்காமல் சொன்னதுதான் இந்த வரலாற்றின் நல்ல பாடம். அளவுகோல் வந்துவிட்டதால் நோயாளியின் வார்த்தைக்கு மதிப்புக் குறைந்துவிடவில்லை. எரிகிறது என்று அவர் சொன்ன பிறகுதானே அளக்கவே தொடங்குகிறோம்!