பத் தாய்: ஒரு தெருவோர உணவின் வரலாறு

பாங்காக் நகரத்தில் அந்தி சாயும் வேளையில் தெருவோர அடுப்புகளிலிருந்து இரும்பு வாணலியும் கரண்டியும் மோதும் ஓசை எழும். புளியின் மணமும் முட்டை பொரியும் மணமும் கலந்து வரும். அங்கே வதக்கப்படுவது ‘பத் தாய்’ என்னும் அரிசி நூடுல்ஸ். தாய்லாந்தின் தேசிய உணவென்று உலகம் இதனை அறியும். தேசிய உணவு என்றதும் பல நூற்றாண்டுப் பழமையை நாம் எண்ணிவிடலாகாது. இதன் புகழ் இரண்டாம் உலகப் போர்க் காலத்தை ஒட்டியே தொடங்குகிறது.

இதன் முழுப் பெயர் ‘குவைத்தியாவ் பத் தாய்’ என்பது. முதற்சொல், அரிசி நூடுல்ஸைக் குறிக்கும் சீனச் சொல். நடுச்சொல்லுக்கு எண்ணெயில் கிளறி வதக்குதல் என்பது பொருள். கடைச்சொல் நம்முடைய ‘தாய்’ அன்று. அந்நாட்டு மக்களின் பெயர். தென்சீனக் கடற்கரையிலிருந்து, சிறப்பாகத் தியோச்சியூ வட்டாரத்திலிருந்து, பிழைப்பு நாடிச் சயாமுக்கு வந்தவர்கள் கொணர்ந்த உணவு எவ்வாறு ‘தாய்’ ஆயிற்று?

பிபுன் சோங்க்ராம் என்னும் படைத்தலைவர் 1938இல் பிரதமரானார். 1939இல் சயாம் என்ற பெயர் தாய்லாந்து என மாற்றப்பட்டது. 1942க்குள் 12 பண்பாட்டு ஆணைகள் பிறந்தன. உடுப்பது, பேசுவது, கொடியை வணங்குவது யாவும் அரசின் அக்கறைக்கு உள்ளாயின. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வந்திறங்கிற்று. 1942இல் பாங்காக்கைப் பெருவெள்ளம் சூழ்ந்தது. அந்த நெருக்கடியில் நூடுல்ஸ் உண்ணுமாறும், அதனைச் சமைத்து விற்றுப் பிழைக்குமாறும் அரசு மக்களைத் தூண்டியது. பிபுனே பத் தாயைக் கண்டுபிடித்தார் என்பாரும் உளர். அது மிகையுரை என்றே எனக்குத் தோன்றுகிறது. வாணலியில் நூடுல்ஸ் வதக்கும் கைத்திறன் சீனருடையது; அரசின் இயக்கம் தந்தது பரவலும் தேசிய மதிப்பும்.

இதில் ஒரு கசப்பும் உண்டு. அதே அரசு சீனப் பள்ளிகளை மூடிற்று. பல தொழில்களைத் தாய் மக்களுக்கே ஒதுக்கிற்று. சீனர் கொணர்ந்த உணவு தெருவெங்கும் வரவேற்கப்பட்ட நாட்களில், சீனர் ஐயத்துடன் நோக்கப்பட்டனர். பிற மாநிலங்களில் வாழ்ந்து, நம் இட்டலியும் தோசையும் அவ்வூர் மக்களின் உணவாகிவிட்டதைக் காணும் நமக்கு இச்செய்தி எளிதில் விளங்கும்.

இனி, வீட்டுச் சமையல். கொல்கத்தாவின் சீனர் கடைகளிலும் பெருநகர் அங்காடிகளிலும் நாடா போன்ற உலர்ந்த அரிசி நூடுல்ஸ் கிடைக்கும். அதனை வேகவைக்க வேண்டா; பச்சைத் தண்ணீரில் அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஊறினால் போதும். வளைய வேண்டும், குழையக் கூடாது. எஞ்சிய பதத்தை வாணலி தரும். குழம்பு தாளிக்கும் வீட்டாருக்குப் புளிக்கரைசலும் பனைவெல்லமும் புதியனவல்ல. அவற்றோடு மீனை உப்பிட்டு ஊறவைத்து வடித்த சாற்றைச் சேர்ப்பது அந்நாட்டு வழக்கம். சைவர் சோயாச் சாறு ஊற்றிக்கொள்ளலாம். பூண்டு, சோயாக் கட்டி, கூனிக் கருவாடு, உப்பிட்டு உலர்த்திய முள்ளங்கி ஆகியவற்றை முதலில் வதக்கி, நூடுல்ஸையும் புளிக்கலவையையும் இட்டுக் கிளறுக. பிறகு அதனை ஒருபுறம் ஒதுக்கி, முட்டையை உடைத்து ஊற்றிப் பொரிந்ததும் கலந்துவிடுக. பாசிப்பயற்று முளையை இறக்கும் தறுவாயில் சேர்த்தால் மொறுமொறுப்புக் கெடாது.

வீட்டார் ஐவர் எனினும் ஐவருக்கும் ஒருங்கே சமைத்தல் தகாது. வாணலி நிரம்பினால் சூடு தணிந்து நூடுல்ஸ் களியாகிவிடும். தெருக்கடைக்காரர் ஓரிரு தட்டுகளாகச் சமைப்பதன் காரணம் இதுவே. இறக்கியபின் வறுத்த நிலக்கடலையைப் பொடித்துத் தூவுவர். எலுமிச்சைத் துண்டையும் மிளகாய்ப் பொடியையும் சர்க்கரையையும் தனியே வைப்பர். தம் சுவையை உண்பவரே கூட்டிக்கொள்வர்.