மேசையும் மடியும்

வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களிலும் ஆம்பூர், வாணியம்பாடிக் கடைவீதிகளிலும் ஸ்டுடியோ வைத்து ஜீவனம் நடத்துவோர், புதிய யந்திரம் வாங்கப் புகும்போதெல்லாம் மேசைக் கணினியா, மடிக்கணினியா என்று தர்க்கம் செய்வதைக் கேட்டால், கணினி பிறப்பதற்கு வெகு காலத்துக்கு முன்பே தொடங்கிவிட்ட வழக்கு இது என்றே எனக்குத் தோன்றும்.

1857-இல் சென்னை ராஜதானியின் புகைப்படக்காரராக நியமனம் பெற்ற லின்னேயஸ் டிரைப், சாமான்களை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு தென்னாட்டுக் கோயில்களைச் சுற்றி வந்தபோது, அந்நாளில் கீர்த்தி பெற்றிருந்த கண்ணாடித் தகட்டைப் பெரும்பாலும் ஒதுக்கிவிட்டு, மெழுகேற்றிய காகிதத்தையே நெகட்டிவாகக் கைக்கொண்டார். கண்ணாடியில் படம் துல்லியமாக விழும். ஆனால் பூசிய மருந்தின் ஈரம் உலருமுன் எடுத்து, அங்கேயே இருட்டறை அமைத்துக் கழுவியும் ஆகவேண்டும். காகிதமோ முன்கூட்டியே தயாரித்துக் கட்டிக்கொண்டு போகத் தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை 1858-இல் 21 பிரதிகளாக ஒட்டி ஒரே நீளப் படமாக்கிய இந்த மனிதர், வெறுமையாய்க் கிடந்த வானத்துக்கு நெகட்டிவின் மேலேயே வர்ணம் தீட்டி மேகமும் சேர்த்தார். எடிட்டிங் நேற்று வந்த வித்தை என்று எண்ணுவோர் இதைச் சற்றுக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்து ஸ்டுடியோக்களில் அந்த வித்தை சாய்வு மேசையைச் சேர்ந்ததாயிற்று. கீழே ஒரு கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஜன்னல் வெளிச்சத்தை நெகட்டிவுக்குள் ஏற்றி, ஊசிபோல் சீவிய பென்சிலால் டச்சிங் செய்வார்கள். முகத்துச் சுருக்கம் நெகட்டிவில் வெளிறித் தெரியும். அந்த இடத்தைப் புள்ளி புள்ளியாக நிரப்பினால், பிரதியில் மாப்பிள்ளைக்குப் பத்து வயது குறையும். கேமரா கலியாண வீட்டுக்குப் போனாலும் மேசை கடையைவிட்டு அசையாது.

தோளில் சுமக்கும் விஎச்எஸ் கேமரா வந்தபின், இரண்டு டெக்குகளையும் ஒரு மிக்ஸரையும் இணைத்து நடந்த 'மிக்ஸிங்' வேலையும் அறையைவிட்டு வெளியேறவில்லை. 1995-இல் டிஜிட்டல் டேப் தோன்றி, நாளடைவில் கணினியில் படம் வெட்டும் காலம் பிறந்தபோதும் மேசையே வென்றது. அதற்குக் காரணம் அதன் அழகன்று; பெட்டியைத் திறந்து கேப்சர் கார்டு சொருக அதில்தான் இடமிருந்தது. ஒரு மணி நேர டேப் ஏறத்தாழ 13 ஜிபியை விழுங்கியமையால், வன்தட்டுக்குமேல் வன்தட்டு சேர்க்கவும் பெட்டியே வேண்டியிருந்தது.

டேப் ஒழிந்து மெமரி கார்டு வந்தபின்னரே மடிக்கணினிக்கு யோகம் பிறந்தது. 2011-இல் தமிழக அரசாங்கம் மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது; அடுத்த ஆண்டிலோ சென்னைக்கு வெளியே பல மணி நேர மின்வெட்டு. யூபிஎஸ் கீச்சிட்டு ஓயும் சில நிமிஷங்களுக்குள் வேலையைச் சேமிக்க ஓடியவர்களுக்கு, பாட்டரியோடு வந்த யந்திரம் வரப்பிரசாதமாகத் தோன்றியதில் வியப்பில்லை. ஷாதி மஹாலில் விருந்து முடியுமுன் காலை நிக்காஹ் படங்களைத் திரையில் ஓட்டிக்காட்டும் பெருமையும் அதனால்தான் கிட்டியது.

ஆயினும் வேலூரின் வெயில் வேறொரு நீதி வழங்குகிறது. மே மாதப் பிற்பகல் ஒன்றில், ஒரு ஸ்டுடியோவில் இரண்டு ஆல்பம் பெட்டிகளின்மேல் மடிக்கணினியைத் தூக்கிவைத்து, எதிரே மேசை விசிறியைச் சுழலவிட்டிருந்தார்கள்; ரெண்டர் கோடு 37 சதவீதத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஒரே பெயர் கொண்ட பிராசசராயினும், மெல்லிய உடலுக்குள் உஷ்ணம் ஏறினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். 4கே படமோ, விநாடிக்கு 100 மெகாபிட் கணக்கில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி வரும். இப்பகுதித் தோல் ஷூ கம்பெனிகளின் சாம்பிள் படம் எடுப்போருக்கு மற்றொரு சங்கடம்: பழுப்புத் தோல் சிறிய திரையில் சற்றே சிவந்து காட்டினாலும், கடல் கடந்து வாங்குபவரிடம் பதில் சொல்லி மாளாது. அளவு பார்த்துத் திருத்திய பெரிய மானிட்டரே அவர்களுக்குத் துணை.

வருஷம் முழுதும் மண்டபம் மண்டபமாக அலைகிற தம்பி, மடிக்கணினியையே வாங்கட்டும். கடையில் ஒரு மானிட்டரை மாத்திரம் தனியே வைத்துக்கொள்ளட்டும். கடையில் அமர்ந்து முழு நீளக் கலியாணப் படம் முடித்துக் கொடுப்பவர், அதே பணத்துக்கு மேசைக் கணினியையும் நல்ல யூபிஎஸ் ஒன்றையும் வாங்குவதே உத்தமம்.