எம்மொழியினர் என்னும் வினா: ஒரு மென்னோனைட் அகதிப் பெண்ணின் வாழ்வு

அகதியின் கையிலுள்ள தாளை வைத்தே அரசுகள் அவரை எடைபோடுகின்றன. தாள் இல்லாதவிடத்து அவர் நாவிலுள்ள மொழியை வைத்து எடைபோடுகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பாவை விட்டுப் பராகுவேக்கும் கனடாவுக்கும் குடிபெயர்ந்த மென்னோனைட் பெண்களின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றை மொழியின் வழியே நோக்குவது இவ்வுரையின் நோக்கம்.

மென்னோனைட்டுகள் 16ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தில் வாழ்ந்த மென்னோ சைமன்ஸ் என்பாரின் பெயரால் அழைக்கப்படும் கிறித்துவப் பிரிவினர். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளிப்பதையும் படைக்கலம் ஏந்துவதையும் மறுத்தவர்கள். அதனால் ஒடுக்கப்பட்டு, விஸ்துலா ஆற்றின் கழிமுகத்துக்குச் சென்றனர். அங்கு வழங்கிய தாழ்நில ஜெர்மன் பேச்சை ஏற்றுக்கொண்டனர். 18ஆம் நூற்றாண்டில் வழிபாட்டிலும் டச்சு மொழியைக் கைவிட்டு உயர் ஜெர்மனுக்கு மாறினர். பின்னர் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் அயல்நாட்டுக் குடியானவர்களுக்கு விடுத்த அழைப்பை ஏற்று, இன்றைய உக்ரைனில் 1789இல் கோர்ட்டிட்சாவையும் 1804இல் மொலோச்னாவையும் நிறுவினர். வீட்டில் பிளவுட்டீட்ஷ் எனப்படும் தாழ்நில ஜெர்மன். கோயிலிலும் பள்ளியிலும் உயர் ஜெர்மன். அண்டை அயலாரோடு உக்ரைனியமும் ரஷ்யமும். இம்மொழிகள் யாவும் அவர்களுக்கு நாள்வழக்கில் இருந்தன.

மொலோச்னாவில் 1910ஆம் ஆண்டளவில் பிறந்த பெண் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். அவருக்கு நாம் பெயரிட வேண்டுவதில்லை; ஆயிரக்கணக்கானோரின் வாழ்வு அவ்வழியிலேயே சென்றது. சிறுமிப் பருவத்தில் உள்நாட்டுப் போரையும் 1921–22ஆம் ஆண்டுப் பஞ்சத்தையும் கண்டார். 1920களில் ஏறத்தாழ 20,000 மென்னோனைட்டுகள் கனடாவுக்குச் சென்றபோது அவர் குடும்பம் அங்கேயே தங்கியது. நிலம் கூட்டுப்பண்ணையாயிற்று, 1932–33இல் மீண்டும் பஞ்சம் வந்தது. 1937–38இல் ஸ்டாலின் ஆட்சியின் கைதுகள் உச்சத்தை எட்டின. ஒரிரவில் கணவரை அழைத்துச் சென்றனர். அவர் இறந்தாரா, இருக்கிறாரா என்பதை எவரும் சொல்லவில்லை. அதே 1938இல் ஜெர்மன் வழிப் பள்ளிகளும் மூடப்பட்டன. தாய்மொழியே ஐயத்துக்குரிய அடையாளமாயிற்று.

1941இல் ஜெர்மானியப் படை உக்ரைனுள் புகுந்தது. நேற்றுவரை குற்றமாயிருந்த மொழி அன்று சலுகைக்குரிய சான்றாக மாறியது. ஜெர்மன் இனத்தார் எனப் பதிவு பெற்றோர்க்கு உணவும் பாதுகாப்பும் கிடைத்தன. பள்ளிகளும் கோயில்களும் மீண்டும் திறந்தன. அதே காலத்தில் அப்பகுதி யூதர்கள் கொன்றழிக்கப்பட்டனர். மென்னோனைட்டுகளுள் சிலர் அவ்வாட்சிக்குத் துணைநின்றதையும் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியுள்ளனர். துன்புற்றோரின் வரலாற்றை எழுதும்போது இதனை விட்டுவிடுதல் முறையாகாது.

1943 இலையுதிர் காலத்தில் ஜெர்மானியப் படை பின்வாங்கியபோது, ஏறத்தாழ 35,000 மென்னோனைட்டுகள் அதனுடன் மேற்கே கொண்டுசெல்லப்பட்டனர். மொலோச்னா மக்கள் குதிரை வண்டிகளில் மாதக்கணக்கில் சேற்றிலும் பனியிலும் சென்றனர். ஆண்கள் அருகியிருந்தமையால், வண்டியோட்டியவர்களுள் பலர் பெண்களே. ஆக்கிரமிக்கப்பட்ட போலந்தில் அவர்களுக்கு ஜெர்மன் குடியுரிமை வழங்கப்பட்டது. போலந்து மக்களை வெளியேற்றிப் பெற்ற வீடுகளில் பலர் குடியமர்த்தப்பட்டனர்.

1945இல் போர் முடிந்ததும் தீர்ப்பு மீண்டும் மாறியது. சோவியத் நாட்டில் பிறந்தோர் அந்நாட்டுக்கே திரும்ப வேண்டும் என்று அதிகாரிகள் தேடி வந்தனர். ஏறத்தாழ 23,000 பேர் திருப்பி அனுப்பப்பட்டுச் சைபீரியாவுக்கும் மத்திய ஆசியாவுக்கும் சென்றனர். மேற்கில் எஞ்சியோர்க்கு வேறொரு தடை இருந்தது. அனைத்துலக அகதிகள் அமைப்பின் விதிகள் ஜெர்மன் இனத்தாரை அகதிகளாக ஏற்கவில்லை. ஆகவே மென்னோனைட் உதவிக்குழு, இவர்கள் முன்னோர் வழியில் டச்சுக்காரர்கள் என்று வாதிட்டது. ஒரு தலைமுறைக்குள் அதே பெண், அதே பேச்சு; ஓர் அரசுக்குப் பகை, மற்றொன்றுக்கு உறவு, மூன்றாவதற்கு மறைக்க வேண்டிய குறை.

1947 பிப்ரவரி முதல் நாள், ஏறத்தாழ 2,300 பேருடன் 'வோலண்டாம்' என்னும் கப்பல் பிரேமர்ஹாஃபன் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. பெர்லினில் சிக்கியிருந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சோவியத் பகுதியினூடே இரயிலில் வந்து இறுதி நேரத்தில் அதில் ஏறினர். பீட்டர் டிக், எல்ஃப்ரீடா டிக் இணையர் இப்பயணத்தை வழிநடத்தினர். செவிலியரான எல்ஃப்ரீடாவும் சிறுமியாக ரஷ்யாவை விட்டுக் கனடா சென்றவரே.

பராகுவே நாடு 1921ஆம் ஆண்டுச் சட்டத்தால் மென்னோனைட்டுகளுக்குப் படைப்பணி விலக்கும் தம் மொழியில் பள்ளி நடத்தும் உரிமையும் அளித்திருந்தது. ஆயினும் அங்கும் 1947 மார்ச்சில் உள்நாட்டுப் போர் மூண்டது. பலர் புவனோஸ் ஐரிஸில் காத்திருக்க நேர்ந்தது. சாக்கோ வறள்நிலத்தில் நியூலாந்து என்னும் குடியேற்றம் உருவாயிற்று. அங்குப் பெண்கள் கிணறு தோண்டினர். மண்கல் அறுத்து வீடு கட்டினர். பருத்தியும் நிலக்கடலையும் பயிரிட்டனர். ஃபிரீடன்ஸ்ஹைம் என்னும் சிற்றூர், ஆண்துணையற்ற குடும்பங்கள் மிகுந்திருந்தமையால், 'பெண்கள் ஊர்' என்றே வழங்கப்பட்டது. அந்நிலம் ஆளற்ற நிலமன்று. என்லெத் பழங்குடியினரின் வாழ்விடம். குடியேறிகளிடம் வேலை செய்த என்லெத் மக்களுள் சிலர் பிளவுட்டீட்ஷ் பேசக் கற்றனர். அகதியின் மொழி அங்கே முதலாளியின் மொழியாயிற்று.

கணவர் உயிரோடு இருக்கிறாரா என்பதை அறியாத பெண் மறுமணம் செய்யலாமா என்னும் வினா திருச்சபைகளைப் பல்லாண்டு அலைக்கழித்தது. தீர்ப்பு வழங்கியவர்கள் ஆண்கள், காத்திருந்தவர்கள் பெண்கள். ஸ்டாலின் மறைவுக்குப் பின் 1950களின் நடுவில் சோவியத் நாட்டிலிருந்து மடல்கள் வரத் தொடங்கின. இறந்தார் எனக் கருதப்பட்ட கணவர் உயிரோடிருப்பதைச் சிலர் அப்போதுதான் அறிந்தனர்.

இப்பெண்களின் வாழ்வு குடியேற்றங்களின் ஆவணங்களில் அரிதாகவே இடம்பெற்றது. கனடிய வரலாற்றாசிரியர் மார்லின் எப், முதிய பெண்களின் வாய்மொழியையும் துணைகொண்டு 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அக்குறையைப் பெரிதும் நீக்கியது. வகுப்பறையில் வரலாறு கற்பிக்கும் நாமும் இதிலிருந்து ஒன்றைப் பெறலாம். ஒருவர் பேசும் மொழி அவர் எதைக் கேட்டு வளர்ந்தார் என்பதைச் சொல்லும். அவர் யாருக்குரியவர் என்பதைச் சொல்லாது. குடிபெயர்ந்தோர் வரலாற்றை மாணவர்கள் ஆராயும்போது, பதிவேட்டில் எழுதப்பட்ட இனப்பெயரை மட்டும் படியெடுத்துக்கொள்ளாமல், அதை எழுதியவர் யார், எப்போது எழுதினார், எதற்காக எழுதினார் என்று கேட்கப் பழக்குவோம்.