காயல் துறையும் குதிரைக் குளம்பும்

திருக்குர்ஆனின் 100ஆவது அத்தியாயமான சூரத்துல் ஆதியாத், மூச்சிரைக்க விரைந்து குளம்புகளால் தீப்பொறி எழுப்பும் குதிரைகளின் மீது ஆணையிட்டுத் தொடங்குகிறது. தொழுகையில் அதனை ஓதாத முஸ்லிம் அரியர். ஆனால் அந்தக் குளம்பு எத்தகையது, அது நோயுற்றபோது நம் முன்னோர் யாது செய்தனர், யாது செய்யத் தவறினர் என்று எண்ணிப் பார்த்தவர்களும் அரியரே. சிறியதாகத் தோன்றும் இப்பொருளைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். இதனுள் நம்மவர் பெருமையும் இருக்கிறது. நம்மவர் மீது சுமத்தப்பட்ட பழியொன்றும் இருக்கிறது.

நம் ஊர்களில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலத்தை மூத்தோர் அறிவர். வண்டிப்பேட்டையின் ஓரத்தில் லாடம் அடிப்பவர் குதிரையின் காலை மடக்கித் தம் தொடைமீது தாங்கிக்கொண்டு, குளம்பைச் சீவி, இரும்பைப் பொருத்தி, ஆணி இறக்குவார். கல்லிலும் சாலையிலும் குளம்பு தேயாமலிருக்க இரும்புச் செருப்பு மாட்டுகிறார் என்றே கண்டோர் கருதினர். அது உண்மையே. எனினும், லாடத்திற்கு மற்றொரு பயனும் உண்டு. நோயுற்ற குளம்புக்கு அது மருந்தாகவும் அமையும்.

குதிரை ஒவ்வொரு காலிலும் ஒற்றை விரலின் நுனியில் நிற்கும் பிராணி. அவ்விரலின் நகமே குளம்பாகும். குளம்பின் வெளிச்சுவருக்கு உணர்ச்சியில்லை. அதனால்தான் அதில் ஆணி அடிக்க முடிகிறது. ஆனால் அச்சுவருக்குள்ளே உயிர்ப்புள்ள தசையும் எலும்பும் இருக்கின்றன. குளம்பெலும்பை வெளிச்சுவரோடு பிணைத்து வைத்திருப்பவை நூற்றுக்கணக்கான மெல்லிதழ்கள். இவ்விதழ்களைப் பற்றிக்கொண்டே அந்த எலும்பு குளம்புக்குள் தொங்கி நிற்கிறது. குதிரையின் எடையில் ஏறத்தாழ 60 விழுக்காடு முன்னங்கால்களின் மீதே விழுவதால், அவற்றின் குளம்புகளே பெரும்பாலும் முதலில் துன்புறுகின்றன.

இவ்விதழ்கள் அழன்று தளருமாயின் எலும்பு தன் நிலை பிறழ்ந்து, குளம்பின் அடித்தளத்தை நோக்கிச் சாயத் தொடங்கும். குதிரை நிற்கவும் இயலாமல், எடையைக் குதிப்பக்கம் சாய்த்துத் தயங்கித் தயங்கி அடியெடுத்து வைக்கும். நோய் நாட்பட்டால் குளம்புச் சுவரில் வளையங்கள் விழும். முன்முனை நீண்டு மேல்நோக்கி வளையும். இன்றைய கால்நடை மருத்துவர்கள் லாமினைட்டிஸ் என்று கூறும் நோய் இதுவே. குளம்புச் சுவர் மாதமொன்றுக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுகூட வளர்வதில்லை. முன்புறச் சுவர் முழுவதும் புதிதாய் வளர்ந்துவர ஏறத்தாழ ஓராண்டு ஆகிவிடும். அதுவரை சுமையை நோயுற்ற பகுதியிலிருந்து வலுவுள்ள பகுதிக்கு மாற்றித் தாங்குவதே சிகிச்சை லாடத்தின் தத்துவம். குளம்பின் அடியில், நடுவே முக்கோண வடிவில் மெத்தென்றிருக்கும் பகுதியைத் தாங்கும்படி இதய வடிவில் செய்யப்படும் லாடமும், பின்முனைகள் இரண்டும் இணைக்கப்பட்ட லாடமும் இவ்வகையைச் சேர்ந்தவை.

குளம்பைச் சீவுபவரும் நோய் தீர்ப்பவரும் ஒருவராகவே இருந்த மரபு இஸ்லாமிய உலகில் ஓங்கியிருந்தது. அவரை அரபியர் ‘பைத்தார்’ என்றழைத்தனர். குதிரை வைத்தியரைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லே சிரியாக் மொழி வழியாக அரபியில் இவ்வுருவம் பெற்றது. மருந்துச் செடிகளின் ஆராய்ச்சியில் புகழ்பெற்று 1248இல் டமாஸ்கஸில் காலமான ஸ்பெயின் அறிஞர் இப்னுல் பைத்தாரின் பெயரிலேயே இத்தொழில் நிலைத்திருக்கிறது. எகிப்தை ஆண்ட மம்லூக் சுல்தான் அந்நாஸிர் முஹம்மது 1341இல் மறைந்தவர். அவருடைய குதிரை வைத்தியரான அபூபக்ர் இப்னு பத்ர், குதிரைகளின் இலக்கணத்தையும் நோய்களையும் சிகிச்சைகளையும் விரித்துப் பெருநூல் இயற்றினார். சுல்தானின் பெயரால் ‘அந்நாஸிரி’ என வழங்கும் அந்நூலைப் பெரோன் என்பவர் பிரெஞ்சு மொழியில் பெயர்க்க, 1852 முதல் 1860 வரை பாரிஸில் அது வெளிவந்தது. ஸ்பெயினிலோ முஸ்லிம் ஆட்சி முடிவுற்ற பின்னரும் அச்சொல் மறையவில்லை. குதிரை வைத்தியருக்கு அங்கே ‘அல்பெய்த்தார்’ என்றே பெயர் நிலைத்தது.

தொழில் உயர்ந்தால் அதற்குரிய பொறுப்பும் உயரவேண்டும். சுல்தான் ஸலாஹுத்தீன் காலத்தவரான அப்துர் ரஹ்மான் அஷ்ஷைஸரீ, கடைத்தெருவைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு வழிகாட்டியாக ஒரு நூல் எழுதினார். ரொட்டி சுடுவோர், துணி விற்போர் ஆகியோருக்கு ஒதுக்கியதைப் போலவே பைத்தார்களுக்கும் அவர் தனி அத்தியாயம் ஒதுக்கினார். விலங்கு தன் நோவை வாய் திறந்து கூற இயலாதாகையால், அதற்கு வைத்தியம் செய்வது மனிதருக்குச் செய்வதைவிடக் கடினமானது என்பது அவர் கருத்து. லாடம் அடிப்பதற்கு முன்னர் குளம்பை ஆராய வேண்டும். அது ஒருபுறம் கோணியிருந்தால் மறுபுறத்தைச் சீவிச் சமன் செய்ய வேண்டும். அளவுக்கு மிஞ்சிச் சீவலாகாது. ஆணி தளர்ந்திருந்தால் மணலும் கல்லும் உள்ளே புகும், இறுகிவிட்டாலோ குதிரை நொண்டும் என்றெல்லாம் அவர் வகுத்துரைக்கிறார். இறையச்சம் இல்லாதவன் இத்தொழிலில் புகுதல் தகாது என்றும் கூறுகிறார். கேட்பாரற்ற ஜீவனிடம் தவறிழைப்பவனைக் கண்டுபிடிப்பது அரிது என்பதை அவர் உணர்ந்திருந்தார் போலும்.

பிக்ஹு நூலாரும் இதனை விட்டுவைக்கவில்லை. கி.பி. 1037இல் மறைந்த ஹனஃபி சட்ட மேதை அல்குதூரி, மனிதருக்கு இரத்தம் குத்தி எடுப்பவரையும் கால்நடைக்குக் கீறிச் சிகிச்சை செய்பவரையும் ஒருங்கே வைத்துப் பேசுகிறார். வழக்கமான எல்லையை மீறாதவரை, நேரும் சேதத்திற்கு அவர்கள் ஈடு கொடுக்க வேண்டியதில்லை என்பது சட்டம். எல்லை மீறினால் பொறுப்பு அவர்களுடையதே என்பது இதனால் பெறப்படும். ஒரு குதிரையின் காலில் வைக்கப்படும் கத்திக்கும் சட்டம் வரம்பு வகுத்திருந்தது என்பது எண்ணி மகிழத்தக்கதே.

இத்துணை அறிவும் சட்டமும் மேற்குக் கரையில் தழைத்திருக்க, அங்கிருந்து குதிரைகள் வந்து இறங்கிய நம் கரையில் நடந்ததென்ன?

பதிமூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தாமிரபரணி முகத்துவாரத்திலிருந்த காயல், பாண்டிய நாட்டின் பெருந்துறையாக விளங்கியது. அரபியர் மஃபர் என்று வழங்கிய இந்நாட்டுக்கு ஹுர்முஸ், கைஸ், ஏடன் முதலிய இடங்களிலிருந்து குதிரைகள் கப்பல் கப்பலாக வந்திறங்கின. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் தரும் கணக்கின்படி, முன்னாளில் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் மஃபருக்கு ஏற்றுமதியாயின. குதிரையொன்றுக்கு விலை 220 பொற்காசுகள். கைஸ் தீவின் அதிபர் ஜமாலுத்தீன் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை அனுப்ப உடன்பட்டிருந்தார். அவருடைய சகோதரர் தகிய்யுத்தீன் பாண்டியர் அவையில் உயர்பதவி வகித்தார். வழியில் கடலில் மாண்ட குதிரைக்கும் அரசுக் கருவூலமே விலை கொடுக்க வேண்டும் என்பது உடன்பாடு. இவ்வரலாற்றை நாம் பெருமிதத்தோடு எடுத்துரைப்பது வழக்கம்.

ஏறத்தாழ 1292இல் இக்கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ வேறொன்றையும் எழுதிவைத்திருக்கிறார். பாண்டியச் சகோதரர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட குதிரைகளை வாங்குகின்றனர். ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சுவதில்லை. அவற்றைப் பேணத் தெரிந்த குதிரை வைத்தியர் இந்நாட்டில் இல்லாமையே காரணம் என்கிறார். அத்தோடு நில்லாமல், குதிரை வணிகர்கள் அத்தகைய வைத்தியர்களை அழைத்து வருவதுமில்லை, வரவிடுவதுமில்லை. குதிரைகள் மடிந்தால்தானே மறு ஆண்டும் விற்க முடியும் என்று காரணமும் கூறுகிறார்.

இந்தப் பழியை நாம் எவ்வாறு ஏற்பது? அயலான் அவதூறு என்று ஒதுக்கிவிடுதல் எளிது. போலோவின் கூற்றில் மிகை இருக்கவே செய்கிறது. பாரத நாட்டில் சாலிஹோத்திரர் பெயரால் வழங்கும் குதிரை வைத்திய மரபு மிகப் பழமையானது; வைத்தியமே இல்லாத நாடு இதுவன்று. தடை விதித்ததற்கு அவர் சான்றேதும் காட்டவில்லை. அயல்நாட்டுக் குதிரைக்கு நம் வெப்பமும் மழைக்கால ஈரமும் ஒவ்வாமற் போயிருத்தலும் கூடும்.

ஆயினும் வஸ்ஸாஃபின் சாட்சியத்தை எளிதில் ஒதுக்க முடியாது. அவர் முஸ்லிம், பாரசீக அரசுப் பணியில் இருந்தவர், வணிகர்களைப் பழிக்கும் நோக்கம் இல்லாதவர். வந்திறங்கிய குதிரைகளுக்குப் பச்சை வாற்கோதுமைக்குப் பதிலாக வறுத்த வாற்கோதுமையும் நெய்யிட்ட தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டப்பட்டன. கொழுக்கட்டும் என்று நாற்பது நாள் கயிற்றாலும் முளையாலும் கட்டிவைக்கப்பட்டன. பின்னர்ப் பயிற்சியின்றிக் கண்மூடித்தனமாக ஓட்டப்பட்டன என்கிறார் அவர். உயர்சாதிக் குதிரைகள் விரைவில் வலுவிழந்து பயனற்றுப் போயின. ஆகவே ஆண்டுதோறும் புதியன தேவைப்பட்டன. முஸ்லிம் நாட்டு வணிகர்கள் கொண்டுவந்தனர் என்று முடிக்கிறார். தடை பற்றி அவர் பேசவில்லை. ஆனால் அழிவு நடந்ததையும், அவ்வழிவே வாணிபத்தை வாழவைத்ததையும் இருவரும் ஒப்புகின்றனர்.

வஸ்ஸாஃபின் வருணனையை இன்றைய கால்நடை மருத்துவர் ஒருவர் படித்தால் திடுக்கிடுவார் என்றே நாம் எண்ணுகிறோம். மிகுந்த தானியமும் நடையற்ற ஓய்வும் உடற்கொழுப்பும், நாம் மேலே விவரித்த குளம்பு நோய்க்கு வழிகோலுபவை. வாற்கோதுமையை மிகுதியாகத் தின்பதால் குதிரைக்கு வரும் நோயைக் கிரேக்கர்கள் அத்தானியத்தின் பெயராலேயே குறித்தனர். இரத்தத்தில் இன்சுலின் நெடுநேரம் மிகுந்திருந்தாலே நல்ல குளம்பும் இந்நோய்க்கு ஆளாகும் என்பதை 2007இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் மட்டக்குதிரைகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். காயலில் இறங்கிய குதிரைகள் அனைத்தும் இந்நோயால் மடிந்தன என்று நாம் துணிந்து கூறவில்லை. ஆனால் பலவற்றுக்குக் குளம்பு நொந்திருக்க இடமுண்டு. நொந்த குளம்போடு ஓட்டப்பட்ட குதிரை நெடுநாள் பிழைப்பதில்லை.

தேர்ந்த பைத்தார் ஒருவர் காயல் துறையில் இருந்திருப்பின் என்ன செய்திருப்பார்? முதலில் தீவனத் தொட்டியைக் கண்டு தானியத்தைக் குறைக்கச் சொல்லியிருப்பார். கட்டிய குதிரையை நாள்தோறும் மெல்ல நடத்தச் சொல்லியிருப்பார். நோய் தோன்றிய பின்னராயின், நடையை நிறுத்தி, மெத்தென்ற தரையில் நிற்கவைத்து, நீண்ட முன்முனையைச் சீவி, கோணிய குளம்பைச் சமன் செய்து, அதற்கேற்ற இரும்பைப் பொருத்தியிருப்பார். இவற்றுள் லாடம் கடைசிப் படியே. அதற்கு முந்தியவை யாவும் சொல்லிக்கொடுத்தால் எவரும் செய்யக்கூடியவை. போலோ கூறுவது மெய்யாயின், நம் வணிகர் மறைத்தது அந்தச் சொல்லைத்தான்.

இங்கே நீதி பற்றிய நுண்ணிய கேள்வியொன்று எழுகிறது. விற்ற நாளில் குதிரை நலமாக இருந்தது. குறையை மறைத்து விற்றதாக எந்த காஜியும் தீர்ப்பளிக்க இயலாது. ஒப்பந்தம் தூயது, விலை முறையானது. ஆயினும், வாங்கியவர் அறியாமையால் அது சாகும் என்று விற்றவருக்குத் தெரியும். தெரிந்தும் வாளாவிருந்து, மறு ஆண்டுக் கப்பலுக்குக் குதிரைகளைத் தேர்ந்தெடுத்திருந்தால், அந்த இலாபம் தூயதாகுமா? வாயற்ற பிராணிகளின் விஷயத்தில் இறைவனை அஞ்சும்படி அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை அந்த மரக்கலங்களில் வந்தோரும் அறிந்தேயிருப்பர். ஷைஸரீ பைத்தாரிடம் எதிர்பார்த்த இறையச்சம் குதிரையை விற்றவருக்கும் உரியதன்றோ!

காயல் வாணிபத்தின் வரலாற்றை எழுதும்போது 220 பொற்காசுகளையும் 10,000 குதிரைகளையும் நாம் விடாமல் குறிக்கிறோம், குறிக்கவும் வேண்டும். அவற்றோடு ஆண்டு முடிவில் நூறுகூட எஞ்சவில்லை என்ற அந்த ஒரு வரியையும் சேர்த்தெழுதும் துணிவு நமக்கு வேண்டும். நம்மிற் பலர் வாணிபக் குடும்பத்தினர். நாம் விற்கும் பொருளைப் பற்றி வாங்குவோர் அறியாத ஒன்றை நாம் அறிந்திருக்கக்கூடும். அதனை எடுத்துச் சொல்லிவிட்டால் அடுத்த ஆண்டின் விற்பனை சற்றுக் குறையலாம். அப்போது நாம் வாய் திறப்போமா என்பதை அவரவர் தம் நெஞ்சையே கேட்டுக்கொள்ள வேண்டும்.